‘பார்த்துச் செய்யுங்கோ’ ஒரு வாக்கு அல்ல: செயற்குழுவில் மின்னஞ்சல் வாக்கெடுப்பு நடத்தும் முறை

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் சனசமூக நிலையத்தின் செயற்குழுவில் 11 பேர். ஆறு பேர் ஊரில், இரண்டு பேர் ரொறன்ரோவில், மற்ற மூவர் லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று ஆளுக்கொரு இடத்தில். நான் செயலாளராக வந்த முதல் வருடம், வாசிகசாலைக்கு மதில் கட்டுவது பற்றி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டேன். “மதில் கட்டுவது பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?” அவ்வளவுதான் கேள்வி. என்னைத் தவிர்த்த பத்துப் பேரில் நாலு பேர் “ஓம்” என்று எழுதினார்கள். இருவர் “பார்த்துச் செய்யுங்கோ” என்றார்கள். ஒருவர் “கிணற்றுக்கட்டையும் சேர்த்துக் கட்டலாமே” என்று கேட்டார். இன்னொருவரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. இருவர் பதிலே போடவில்லை. நான் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் சம்மதம் என்று கூட்ட அறிக்கையில் எழுதினேன். மேசனுக்கு முற்பணமும் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் ஒரு மாஸ்ரர் எழும்பினார். “நான் பார்த்துச் செய்யச் சொன்னனான். கட்டச் சொல்லேல்லை.”

அவர் சொன்னது சரி. என்னிடம் பதில் இருக்கவில்லை. மதில் நின்றுபோனது, இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள், அந்த மனக்கசப்பு ஆற ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குப் பிறகு நாங்கள் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய மாணவர் சங்கமோ, கோயில் பரிபாலன சபையோ, விளையாட்டுக் கழகமோ, புதிதாகச் செயலாளர் பொறுப்பை ஏற்றவர்களுக்கு இது உதவும்.

முதலில் யாப்பைத் திறந்து பாருங்கள்

மின்னஞ்சலில் வாக்கெடுக்கலாம் என்று உங்கள் சங்கத்தின் யாப்பில், அதாவது சங்க விதிகளின் தொகுப்பில், ஒரு வரி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. பழைய யாப்புகள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் மின்னஞ்சலில் எடுத்த முடிவை அடுத்த கூட்டத்தில் முறைப்படி வைத்து நிறைவேற்றிய பிறகே பணத்தைச் செலவழியுங்கள். விதி நீளமாக இருக்க வேண்டியதில்லை. யார் வாக்கெடுப்பைக் கோரலாம், எத்தனை நாள் திறந்திருக்கும், நிறைவேற எத்தனை வாக்கு வேண்டும், எத்தனை பேர் கேட்டால் விடயம் கூட்டத்துக்குப் போகும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். எங்கள் விதிப்படி எந்த இரண்டு பேரும் “இதைக் கூடிப் பேச வேண்டும்” என்று எழுதினால் அந்த வாக்கெடுப்பு அந்த இடத்திலேயே நிற்கும். காரணம் கேட்கக்கூடாது. மின்னஞ்சலில் ஆளையாள் பார்த்துப் பேச முடியாது. ஒருவர் சொன்ன காரணத்தைக் கேட்டு இன்னொருவர் மனம் மாறுகிற வாய்ப்பு அங்கே மிகக் குறைவு. அதனால் ஏற்கனவே பேசித் தெளிந்த விடயத்துக்குத்தான் மின்னஞ்சல் வாக்கு பொருந்தும். சூடான விடயத்துக்குப் பொருந்தாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது. ஒரு பதிவு மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாது என்று தள்ள முடியாது என்பது அதன் அடிப்படை. ஆனால் மரணசாசனம், அற்றோர்னித் தத்துவம், காணி விற்பனை போன்றவற்றை அந்தச் சட்டம் வெளியே விட்டிருக்கிறது. கோயில் காணியோ வாசிகசாலைக் காணியோ சம்பந்தப்பட்ட எதையும் மின்னஞ்சலில் தீர்மானிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வங்கிக் கணக்கில் கையொப்பமிடுபவர்களை மாற்றுவதற்கும் கூட்டமே நல்லது.

இரகசிய வாக்கா? அப்படியென்றால் மின்னஞ்சல் வேண்டாம்

புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. தலைவர் தெரிவுக்கு மின்னஞ்சலில் வாக்குக் கேட்பார்கள். “பெயரை நான் வெளியில் சொல்ல மாட்டேன்” என்று செயலாளர் உறுதி சொல்வார். ஒவ்வொரு வாக்கும் பெயரோடு வந்து அவருடைய கணக்கில் கிடக்கும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் எண்ணியது சரியா என்று மற்ற யாருக்கும் தெரியாது. இரகசியமும் இல்லை, சரிபார்க்க வழியும் இல்லை.

மின்னஞ்சலில் இரகசிய வாக்கு முடியவே முடியாது என்று இல்லை. டெபியன் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள் உலகம் முழுவதும் பரந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் தலைவரைப் பல வருடங்களாக மின்னஞ்சல் வாக்கால்தான் தெரிவுசெய்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு வாக்கும் மறையியல் கையொப்பத்தோடு, அதாவது வாக்களிப்பவரிடம் மட்டும் இருக்கும் ஒரு கணினித் திறப்பால் போட்ட முத்திரையோடு, வருகிறது. முடிவில் வெளியாகும் பட்டியலில் பெயர் இருக்காது. ஆனாலும் தன் வாக்கு எண்ணப்பட்டதா என்று அவரவர் கணித்துப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் 70 வயது தாண்டியவர்கள் நாலு பேர். அவர்களிடம் மறையியல் திறப்பைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்ல என்னால் முடியாது.

நிபுணர்களுக்கே அது எளிதல்ல. சர்வதேச மறையியல் ஆய்வுச் சங்கம் 2025இல் ஹீலியோஸ் என்ற இணைய வாக்களிப்பு முறையில் தன் தேர்தலை நடத்தியது. முடிவைத் திறக்க மூன்று பேரிடம் இருந்த மூன்று திறப்புகளும் சேர வேண்டும். ஒருவருடைய திறப்பு தொலைந்துபோக, தேர்தலையே மறுபடி நடத்த வேண்டி வந்தது. ஆகவே தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவென்றால் வருடாந்தப் பொதுக்கூட்டமும் கடதாசித் துண்டும்தான். மின்னஞ்சலை கை உயர்த்துவதற்கு ஈடாக மட்டும் வையுங்கள். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதைத் திருத்த முடியாது.

முகவரிப் பட்டியல்: இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

பிரேரணை எழுதுவதற்கு முன்னால் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பி, “கிடைத்தது” என்று ஒவ்வொருவரிடமும் பதில் வாங்குங்கள். பதில் வராதவருக்குப் போன் எடுங்கள். உள்ளூரில் இருந்தால் நேரே போய்ப் பாருங்கள்.

ஒருமுறை கொக்குவிலில் இருக்கும் உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. சைக்கிளில் போனேன். விறாந்தையில் இருந்தபடி போனை என் கையில் தந்தார். திரையின் மேல்பகுதியில் சிவப்பில் ஒரு கோடு, சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று. கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்தான். 2024இலிருந்து ஆண்ட்ராய்ட் போன்களின் வாட்ஸ்அப் சேமிப்புப் பிரதியும் அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. அவருடைய வாட்ஸ்அப்பைத் திறந்தால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீடியோவாக இருந்தது. ஒரே தேர் ஏழு பேரிடமிருந்து ஏழு முறை வந்திருந்தது. அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்க விட்டார், முக்கால் மணித்தியாலம் போனது. பழைய சேமிப்புப் பிரதியை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றியதும் மின்னஞ்சல் வரத் தொடங்கியது. இதைப் போய்ப் பார்த்திராவிட்டால் “மூன்று முறை அறிவித்தும் பதில் தரவில்லை” என்று அவரைப் பற்றி எழுதியிருப்பேன்.

வேறு சிலவற்றையும் கவனியுங்கள். இரண்டு வருடம் திறக்கப்படாமல் கிடக்கும் கூகுள் கணக்கு அழிக்கப்படலாம். தாத்தாவின் மின்னஞ்சல் பேரனின் போனில் இருந்தால் உண்மையில் வாக்களிப்பது யார் என்று கேட்க வேண்டி வரும். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். “ஐயா, நீங்கள் சொல்லத் தம்பி எழுதட்டும், ஆனால் நான் போனில் உங்களிடம் ஒருக்கால் கேட்டு உறுதிப்படுத்துவேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எரிதம் என்ற ஸ்பாம் பெட்டியையும் எல்லோரும் பார்க்கச் சொல்லுங்கள். ஜிமெயிலில் 30 நாளில் அது தானாக அழிந்துவிடும்.

சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கு இருந்தால் அதன் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரியுங்கள். எங்கள் கணக்கின் கடவுச்சொல் மூன்று பழைய செயலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. மீட்பு இலக்கமோ, கனடா போய்விட்ட ஒருவரின் பாவனையில் இல்லாத இலங்கை சிம்முடையது. பொறுப்பேற்ற வாரமே இரண்டையும் மாற்றி, இரண்டுபடி உறுதிப்படுத்தலையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேரணையை எழுதுதல்

அபிப்பிராயம் கேட்காதீர்கள். ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் பதில் சொல்லக்கூடியதாக எழுதுங்கள். எனது மதில் மின்னஞ்சல் இப்படி இருந்திருக்க வேண்டும்:

“பிரேரணை இல. 3. வாசிகசாலையின் வீதிப்பக்க மதிலை 60 அடி நீளத்துக்கு, 5 அடி உயரத்தில், ரூபா 480,000க்கு மேற்படாத செலவில், கிடைத்த மூன்று கூறுவிலைகளில் மிகக் குறைந்ததைத் தந்தவரைக் கொண்டு கட்டுவிப்பது. பணம் கட்டட நிதியிலிருந்து. முன்மொழிபவர் பொருளாளர், வழிமொழிபவர் உபதலைவர். உங்கள் பதிலின் முதல் வரியில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்பவற்றில் ஒன்றையும், அதன் கீழே உங்கள் முழுப்பெயரையும் எழுதவும். ஞாயிறு இரவு 9 மணி (இலங்கை நேரம்) வரை கிடைக்கும் வாக்குகள் மட்டுமே எண்ணப்படும்.”

இதை மின்னஞ்சலின் உள்ளேயே, யூனிகோட்டில் எழுதுங்கள். எங்கள் சங்கங்களின் பழைய கோப்புகள் நிறைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பாரிஸில் இருப்பவர் வேலை முடிந்து ரயிலில் நின்றபடி அதைத் திறந்து, விளங்காமல், “ஆதரவு” என்று போட்டுவிடுவார். கூறுவிலைகளைப் படமாக இணைக்கலாம், பிரேரணையை இணைக்கக் கூடாது.

அனுப்பிய பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். 5 அடியை 6 அடியாக்க வேண்டுமென்றால் இல. 3ஐ மீளப்பெற்று, இல. 4 என்று புதிய தலைப்போடு புதிதாக அனுப்ப வேண்டும். பழைய மின்னஞ்சலுக்கே பதிலாகப் போட்டால் இரண்டும் ஒரே தொடரில் சேர்ந்துவிடும், யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று பிரிக்க முடியாது.

எத்தனை நாள்

பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே முடிவெடுக்கும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் குழுக்கள் ஒரு வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணித்தியாலம் திறந்து வைப்பது வழக்கம். நாங்கள் ஏழு நாள் வைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு இரவு 9 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் முற்பகல் 11.30, லண்டனில் பிற்பகல் 4.30. மெல்பேர்ணில் திங்கள் அதிகாலை 1.30 ஆகிவிடும், அவருக்கு ஞாயிறு பகலே கடைசி என்று தனியாக நினைவூட்ட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில் நாங்கள் கெடுவை நீட்டினோம். நீட்டினால் எல்லோருக்கும் நீட்டுங்கள், அதுவும் கெடு முடிவதற்கு முன்னால்.

அனுப்பியது அவர்தானா?

மின்னஞ்சலை அனுப்பும் நடைமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அதில் அனுப்புநர் பெயர் என்பது கடித உறையின் பின்பக்கத்தில் எழுதும் முகவரி மாதிரி. யாரும் எதையும் எழுதலாம். இந்த ஓட்டையை அடைக்கப் பிற்காலத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் வந்தன. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மின்னஞ்சலின் மூன்று புள்ளியை அழுத்தி மூலச் செய்தியைப் பார்த்தால் இந்த மூன்றும் தேறினவா என்று மேலேயே காட்டும். ஒன்று தேறவில்லையென்றால் அந்த வாக்கை ஒதுக்காதீர்கள், உடனே போன் எடுத்துக் கேளுங்கள். மூன்றும் தேறினால் மின்னஞ்சல் அந்த முகவரிக்குரிய மின்னஞ்சல் சேவையிலிருந்துதான் வந்தது என்று பொருள். கணக்கைத் திறந்தது பேரனா, திருடனா என்று அது சொல்லாது.

அதற்கு நாங்கள் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறோம். வாக்குகள் செயலாளருக்கு மட்டும் வரக்கூடாது. வாக்கு எண்ணுபவர் என்று இன்னொருவரை நியமிக்கிறோம், முடிந்தால் செயலாளரோடு அதிகம் ஒத்துப்போகாத ஒருவரை. ஒவ்வொரு வாக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து வர வேண்டும். வாக்கெடுப்பு தொடங்கும்போது எண்ணுபவர் ஒவ்வொரு உறுப்பினருக்கும் வெவ்வேறான நாலு இலக்க எண் ஒன்றைப் போனிலோ குறுஞ்செய்தியிலோ சொல்வார். அந்த எண் செயலாளருக்குத் தெரியாது. உறுப்பினர் தன் வாக்கின் கீழே அதை எழுத வேண்டும். மின்னஞ்சல் கணக்கைத் திருடியவனிடம் அந்த எண் இருக்காது. அடுத்த வாக்கெடுப்புக்குப் புதிய எண்.

எல்லோருக்கும் பதில் போடுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தலைவர் முதல் ஆளாக “ஆதரவு” என்று எல்லோருக்கும் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு “எதிர்ப்பு” என்று எழுத எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கை வராது. தெரியாமல் யாராவது அப்படிப் போட்டுவிட்டால் அதுவும் வாக்குத்தான், எண்ணுங்கள்.

வாக்கு வந்ததும்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதுங்கள்: “இல. 3க்கு உங்கள் வாக்கு ‘எதிர்ப்பு’ என்று பதிந்தேன்.” தவறாக விளங்கியிருந்தால் அவர் அப்போதே சொல்வார். அந்த வருடம் இந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால் மாஸ்ரர் அன்று எழும்ப வேண்டி வந்திராது.

“பார்த்துச் செய்யுங்கோ”, “எல்லாருக்கும் எப்படியோ எனக்கும் அப்படி”, “நல்ல விசயம்”, கட்டைவிரல் படம் இவை எதுவும் வாக்கு அல்ல. “ஆதரவு, ஆனால் கிணற்றுக்கட்டும் வேண்டும்” என்பதும் அல்ல. அந்த நிபந்தனை பிரேரணையில் இல்லை. இப்படி வந்தால் நீங்களாகப் பொருள் எடுக்காமல் திருப்பிக் கேளுங்கள். கேட்டும் தெளிவாகாவிட்டால் வாக்களிக்கவில்லை என்றே பதியுங்கள். மனம் மாறி இரண்டாவது முறை அனுப்பினால், கெடுவுக்கு முன் கடைசியாக வந்ததே செல்லும்.

மௌனம் சம்மதம் என்பது கலியாண வீட்டுப் பேச்சில் சரியாக இருக்கலாம். இங்கே அதை எடுக்காதீர்கள். கூட்டத்தில் சும்மா இருப்பவர் அங்கே இருக்கிறார் என்றாவது தெரியும். மின்னஞ்சலில் பதில் போடாதவர் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், பெட்டி நிரம்பி இருக்கலாம். அதனால் வந்த வாக்குகளில் பெரும்பான்மை பார்க்காமல் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையைக் கேட்கிறோம். 11 பேரில் ஆறு ஆதரவு வேண்டும். மூன்று ஆதரவு, ஒரு எதிர்ப்பு, ஏழு மௌனம் என்றால் பிரேரணை நிறைவேறவில்லை. சில சங்கங்கள் மின்னஞ்சல் முடிவுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று வைத்திருக்கின்றன. சிறிய குழுவென்றால் அதுவும் நல்ல விதிதான்.

விரல்களை விரித்துக் காட்டுதல்

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை விரிவாக இருக்கிறது. அது சீட்டெடுப்பு, நாங்கள் செய்வது வாக்கெடுப்பு. ஆனாலும் அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலுக்கிடையில் வேறு ஓலை இல்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டும் அல்லவா? அவர் வாசித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும்.

மின்னஞ்சலில் செயலாளரின் கை யாருக்கும் தெரியாது. அதனால் கெடு முடிந்த அன்றே, ஒவ்வொருவரின் பெயரும் அவர் வாக்கும் வந்த நேரமும் கொண்ட பட்டியலை 11 பேருக்கும் அனுப்புங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது. பட்டியலை எண்ணுபவரும் தன்னிடம் வந்தவற்றோடு ஒப்பிட்டு, “என்னிடம் உள்ளதும் இதுவே” என்று எல்லோருக்கும் எழுத வேண்டும். பிழை சொல்ல இரண்டு நாள் கொடுங்கள். அந்த இரண்டு நாளும் யாருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வந்த மின்னஞ்சல்களை அழிக்க வேண்டாம். திரையைப் படம் பிடித்து வைப்பதும் போதாது, படத்தை யாரும் திருத்தலாம். மூல மின்னஞ்சல்களைத் தரவிறக்கி, ஒரு பிரதியை எண்ணுபவரிடமும் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பிரேரணையையும் பட்டியலையும் உரத்து வாசித்து, கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, அச்செடுத்த தாளையும் ஒட்டி, ஒட்டிய தாளும் புத்தகப் பக்கமும் சேரும் இடத்தில் தலைவரும் செயலாளரும் குறுக்காகக் கையொப்பமிட வேண்டும். எங்கள் புத்தகத்தில் இரண்டாவது முறை வந்த மதில் பிரேரணை அப்படித்தான் இருக்கிறது: ஆதரவு எட்டு, எதிர்ப்பு இரண்டு, பதில் இல்லை ஒன்று. எதிர்ப்பில் முதல் பெயர் மாஸ்ரருடையது. மதிலுக்கு அத்திவாரம் வெட்டிய அன்று காலையில், நூல் பிடித்து அளந்து கொடுத்தவரும் அவர்தான்.